எறிவாணத்தின் தொலைவு: மைசூர் வாணங்கள் பற்றிய மரபுரையும் மீளுருவாக்கச் சோதனையின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

ஐதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் பயன்படுத்திய இரும்புக்குழல் வாணங்கள் 2 கி.மீ. தொலைவுக்கு மேல் பாய்ந்தன என்றும், 1780ஆம் ஆண்டுப் புள்ளலூர்ப் போரில் ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகளைத் தகர்த்து வெற்றியை முடிவு செய்தன என்றும் மரபுரை வழங்குகிறது. அவ்வாணங்களைப் போன்ற மீளுருக்களைச் செய்து ஏவிப் பார்ப்பதன்மூலம் இம்மரபுரையை எவ்வளவு தூரம் சோதிக்க இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எஞ்சியுள்ள பொருட்சான்றுகள், சமகாலப் பதிவுகள், எளிய இயக்கவியல் கணக்கீடு ஆகிய மூன்றும் ஒப்பிடப்படுகின்றன. தொலைவு பற்றிய கூற்று சோதனைக்கு உட்படக்கூடியது என்பதும், புள்ளலூர் பற்றிய கூற்றுக்கு மீளுருச் சோதனை துணைச்சான்றாக மட்டுமே அமையும் என்பதும் இதன் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: மைசூர் வாணம், புள்ளலூர்ப் போர், சோதனைமுறைத் தொல்லியல், மீளுருவாக்கம், வெடியுப்பு, நகர அகழ்வு, காங்கிரீவ்.

முன்னுரை

பழங்காலக் கருவி ஒன்றைப் பற்றிய வியப்பான செய்தியை நம்புவதா, தள்ளுவதா என்னும் ஐயம் எழும்போது, அக்கருவியைத் திரும்பச் செய்து இயக்கிப் பார்ப்பது நேர்மையான வழியாகத் தோன்றுகிறது. சோதனைமுறைத் தொல்லியல் என்னும் துறை இவ்வழியிலேயே வளர்ந்தது. 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்னும் ஆங்கிலக் கப்பலில் முழுமையான நெடுவில்கள் நூற்றுக்கும் மேல் கிடைத்தன. அவற்றின் அளவுகளைப் பின்பற்றிச் செய்யப்பட்ட மீளுருக்களை வளைத்துப் பார்த்த பிறகே, இடைக்கால வில்லாளரின் வலிமை பற்றி அதுவரை கருதப்பட்டது குறைமதிப்பீடு என்பது தெளிந்தது. அங்கு மூலப்பொருள் கையில் இருந்தது. மீளுரு அதனை அடியொற்றியது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில் தென்மாநிலக் கூட்டமைப்பினர் ரிச்மண்ட் நகரிலிருந்து வாசிங்டனை நோக்கி நெடுந்தொலைவு ஏவுகணை ஒன்றைச் செலுத்தினர் என்றொரு கதை வழங்குகிறது. 2005ஆம் ஆண்டளவில் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று இக்கதையைச் சோதிக்க ஏவுகணை ஒன்றைச் செய்து ஏவியது. அது அத்தொலைவின் மிகச் சிறு பகுதியையே கடந்தது. கதை பொய் என முடிவு கூறப்பட்டது. ஆயினும் மூலக் கருவியோ, அதன் வரைபடமோ இல்லாத நிலையில், அச்சோதனையில் தோற்றது சோதனையாளரின் வடிவமைப்பே என்று கதையை நம்புவோர் வாதிட இடமிருந்தது.

மைசூர் வாணங்கள் இவ்விரு நிலைகளுக்கும் இடையில் நிற்கின்றன. குழல்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவற்றுள் இருந்த மருந்து எஞ்சவில்லை. இந்நிலையில் மீளுரு எதை மெய்ப்பிக்கும், எதை மெய்ப்பிக்காது என்பதை வரையறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுரையின் மூன்று கூறுகள்

மைசூர் வாணம் பற்றி இன்று வழங்கும் செய்தி ஒற்றைக் கூற்றுப்போல் தோன்றினும், அது மூன்று தனிக் கூற்றுகளின் தொகுப்பாகும். முதலாவது, உலகின் முதல் போர் ஏவுகணை இதுவே என்பது. இரண்டாவது, இவ்வாணங்கள் 2 கி.மீ. அல்லது அதற்கும் மேல் பாய்ந்தன என்பது. மூன்றாவது, புள்ளலூர்ப் போரின் முடிவை இவையே தீர்மானித்தன என்பது.

தமிழ் வாசகரிடையே இச்செய்தி பரவியதில் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாற்று நூலான அக்கினிச் சிறகுகளுக்குப் பெரும் பங்குண்டு. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்துக்குப் பயிற்சிக்குச் சென்றபோது, அங்கு வரவேற்பறையில் திப்புவின் படையினர் வாணம் ஏவும் ஓவியத்தைக் கண்டதை அவர் அதில் பதிவு செய்துள்ளார். அறிவியலாளர் ஒருவரின் சொல்லாக வந்தமையால், இம்மரபுரை மேடையிலும் வகுப்பறையிலும் ஆய்வு முடிவுக்குரிய மதிப்பைப் பெற்றது. எனவே இதனைச் சோதிப்பது வரலாற்றுத் துறையின் கடமையாகிறது.

முதற்கூற்றைச் சோதிக்க மீளுரு தேவையில்லை. 13ஆம் நூற்றாண்டில் சீனத்தில் வாணங்கள் போர்க்கருவிகளாகப் பயன்பட்டன. தக்காணத்திலும் வடஇந்தியாவிலும் முகலாயர் காலத்திலேயே போர்களில் இவை இடம்பெற்றன. மைசூரின் தனிச்சிறப்பு, மூங்கில் அல்லது தாள் உறைக்கு மாற்றாக இரும்புக் குழலைப் பெருமளவில் வெற்றியுடன் பயன்படுத்தியதில் உள்ளது. எஞ்சிய இரு கூற்றுகளே ஆய்வுக்குரியவை.

வாணம்: சொல்லும் தமிழ்நிலப் பின்புலமும்

தமிழில் ‘வாணம்’ என்னும் சொல் அம்பைக் குறிக்கும் ‘பாண’ என்னும் வடசொல்லின் வழிவந்தது. அதே சொல்லே ‘பான்’ என்னும் வடிவில் வடஇந்தியப் படைப்பதிவுகளில் போர் வாணத்தைக் குறிக்கிறது. திருவிழாக்களின் வாணவேடிக்கையும் போர்க்கள வாணமும் ஒரே பெயரைப் பகிர்வது, இரண்டும் ஒரே கைத்தொழிலின் கிளைகள் என்பதை உணர்த்துகிறது.

இத்தொழில் மைசூருக்கு மட்டும் உரியதன்று. ஐதர் அலியின் தந்தை பத்தே முகம்மது, கர்நாடக நவாபின் படையில் 50 வாணவீரர்களுக்குத் தலைவராக இருந்தார். அவ்வணியினர் கையாண்டவை மூங்கிற்குழல் வாணங்கள். அவை பெரும்பாலும் அடையாளம் காட்டவே பயன்பட்டன. ஆற்காட்டுப் படையின் மூங்கில் வாணத்துக்கும் மகன் காலத்து மைசூரின் இரும்பு வாணத்துக்கும் இடையே ஒரு தலைமுறையே கடந்தது.

அத்தலைமுறையில் மதுரைக்கு வடக்கேயுள்ள திண்டுக்கல்லுக்கு ஓர் இடமுண்டு. 1755இல் ஐதர் அலி திண்டுக்கல்லின் பவுஜ்தாராக அமர்த்தப்பட்டார். அங்கு அவர் பிரெஞ்சு வல்லுநர்களின் மேற்பார்வையில் கைவினைஞர்களைத் திரட்டிப் பீரங்கிப்படையையும் படைக்கலச் சாலையையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கியதை மார்க் வில்க்ஸ் தம் தென்னிந்திய வரலாற்று நூலில் குறிப்பிடுகிறார். இதனை வாணத் தொழிற்சாலை எனக் கொள்வது சான்றை மீறுவதாகும். எனினும், உலோகத் தொழிலையும் வெடிமருந்துத் தொழிலையும் ஒரே நிருவாகத்தின்கீழ்க் கொணரும் முறையை ஐதர் மதுரைச் சமவெளியின் விளிம்பிலேயே கைக்கொண்டார் என்பது கருதத்தக்கது. இரும்பு வாணம் பிறக்க வேண்டிய சூழல் அதுவே.

எஞ்சிய பொருட்சான்றுகளும் எழுத்துச் சான்றுகளும்

1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது, பயன்படத்தக்க நிலையில் 700 வாணங்களும் மருந்து நிரப்பாத 9,000 வாணங்களும் அங்கிருந்தன. கைப்பற்றப்பட்டவற்றுள் சில இங்கிலாந்துக்குச் சென்றன. உல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்தில் இருந்த இரண்டின் அளவுகளை வானூர்தியியல் அறிஞர் ரொத்தம் நரசிம்மா 1985இல் தேசிய வானூர்தியியல் ஆய்வகத்தின் வழி வெளியிட்ட ஆய்வில் தந்துள்ளார். ஒன்றன் குழல் 58 மி.மீ. வெளிவிட்டமும் 254 மி.மீ. நீளமும் உடையது, அது 1.02 மீட்டர் நீளமுள்ள நேரான வாளலகுடன் தோல்வாரால் கட்டப்பட்டது. மற்றதன் குழல் 37 மி.மீ. வெளிவிட்டமும் 198 மி.மீ. நீளமும் உடையது, அது 1.9 மீட்டர் மூங்கிற் கழியுடன் கட்டப்பட்டது.

கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தின் நகர என்னும் ஊரில், பழைய பிதனூரில், 2002ஆம் ஆண்டு கிணறு ஒன்றிலிருந்து ஏறத்தாழ 160 குழல்கள் கிடைத்தன. 2018 சூலையில் மற்றொரு பாழ்கிணற்றிலிருந்து 1,000க்கும் மேற்பட்டவை தொல்லியல் துறையால் எடுக்கப்பட்டன. இவற்றின் நீளம் 23 முதல் 26 செ.மீ. வரை என அறிவிக்கப்பட்டது. உல்விச்சின் பெரிய குழலுடன் இந்நீளம் பொருந்துவது, இவ்வளவு ஒரு தனிக்கருவியின் அளவன்று, படைச்சாலையின் வழக்கமான அளவு என்பதைக் காட்டுகிறது.

எழுத்துச் சான்றுகளுள் இரண்டு முதன்மையானவை. 1790-92 ஆண்டுகளில் வெளிவந்த தம் நூலில் குவென்டின் கிராஃபர்ட், 8 அங்குல நீளமும் ஒன்றரை அங்குல விட்டமும் உடைய இரும்புக் குழலை விவரிக்கிறார். இது 203 மி.மீ. நீளமும் 38 மி.மீ. விட்டமும் ஆகும், உல்விச்சின் சிறிய குழலுடன் சில மி.மீ. வேறுபாட்டில் ஒத்துப்போகிறது. மூன்றாம் மைசூர்ப் போரில் பங்கேற்ற அலெக்சாண்டர் டைரோம் 1793இல் வெளியிட்ட நூலில், ஓரடி நீளமும் ஓரங்குல விட்டமும் உடைய குழல் பத்துப் பன்னிரண்டு அடி மூங்கிலில் கட்டப்பட்டு, 1,000 கெசத்துக்கு மேல் பாய்ந்ததைக் குறிக்கிறார். 1,000 கெசம் என்பது 914 மீட்டர். எதிர்த்தரப்பில் நின்றவரின் கூற்று என்பதால் இதற்கு மதிப்பு மிகுதி. தற்பெருமைக்காக மிகைப்படுத்த அவருக்குக் காரணமில்லை. அதே வேளையில், தாக்குதலுக்கு உள்ளான படையினர் தொலைவை மிகைப்படுத்திக் காண்பது இயல்பு என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

முதற் சோதனை: காங்கிரீவின் முயற்சி

மரபுரையின் தொலைவைச் செய்துபார்த்துச் சோதிக்கும் முயற்சி நம் காலத்தது அன்று. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த ஐந்தே ஆண்டுகளில், 1804இல், இங்கிலாந்தில் வில்லியம் காங்கிரீவ் அதனைத் தொடங்கினார். இலண்டனில் விலைக்குக் கிடைத்த மிகச் சிறந்த வாணங்களை வாங்கி அவர் ஏவியபோது அவற்றின் உச்சத் தொலைவு ஏறத்தாழ 600 கெசமாக, அதாவது 549 மீட்டராக இருந்தது. இந்திய அரசர்களின் வாணங்கள் இதனினும் மிகு தொலைவு சென்றவை என்பதை அவர் அறிந்திருந்தார். தம் செலவில் ஆய்வுகளைத் தொடர்ந்து 1,500 கெசத்தையும், பின்னர் உல்விச் படைச்சாலையில் செய்த பெரிய வாணங்களால் 2,000 கெசத்தையும் எட்டினார். 1806 அளவில் அவருடைய 32 பவுண்டு வாணம் 3,000 கெசம், அதாவது 2,743 மீட்டர் பாய்ந்தது.

இவ்வரலாறு இருவகையில் பயனுடையது. ஒன்று, அக்காலத்துக் கருமருந்தைக் கொண்டே 2 கி.மீ.க்கு மேல் எட்ட முடியும் என்பது 1806இலேயே நிறுவப்பட்டுவிட்டது. மற்றொன்று, அத்தொலைவை எட்டியது மைசூர்க் குழலைவிடப் பன்மடங்கு பெரிய கருவி. இலண்டன் வாணங்களின் 549 மீட்டருக்கும் டைரோம் கூறும் 914 மீட்டருக்கும் உள்ள இடைவெளியே மைசூர்க் கைவினைஞரின் முன்னேற்றத்தை அளக்கும் நேரிய அளவுகோல்.

கணக்கீடு கூறுவது

மீளுருவை ஏவும் முன்னரே, அதன் விளைவு எவ்வெல்லைக்குள் அமையும் என்பதைக் கணக்கிடலாம். வாணத்தின் உச்ச வேகம் இரண்டு காரணிகளைப் பொறுத்தது. ஒன்று, எரிந்த மருந்தின் வளிமம் துளைவழி வெளியேறும் வேகம். மற்றொன்று, மருந்து எரியும் முன்னும் பின்னும் வாணத்தின் நிறைகளுக்கிடையே உள்ள விகிதம். வளிமத்தின் வேகத்தை அவ்விகிதத்தின் இயல்மடக்கையால் பெருக்கினால் வாணத்தின் வேகம் கிடைக்கும்.

உல்விச்சின் பெரிய குழலை எடுத்துக்கொண்டு, சுவர்த் தடிப்பு 4 மி.மீ. எனக் கொள்வோமாயின், உள்விட்டம் 50 மி.மீ. ஆகும். அதில் ஏறத்தாழ 0.7 கி.கி. மருந்து அடங்கும். இரும்புக்குழலின் நிறை ஏறத்தாழ 1.4 கி.கி.; வாளலகுக்கு 0.7 கி.கி. கொண்டால் ஏவும்போது மொத்த நிறை 2.8 கி.கி., எரிந்தபின் 2.1 கி.கி. மருந்தின் பங்கு மொத்த நிறையில் 25 விழுக்காடு.

வளிமம் வெளியேறும் வேகம் நொடிக்கு 400 மீட்டராயின் வாணத்தின் வேகம் நொடிக்கு 115 மீட்டர்; 500 மீட்டராயின் 144; 800 மீட்டராயின் 230. காற்றுத் தடையே இல்லை எனக் கொண்டு 45 பாகை சாய்வில் ஏவினால், இவை முறையே 1,350, 2,110, 5,400 மீட்டர் தொலைவைத் தரும். நடப்பில் காற்றுத் தடையால் இவை பாதியாகவோ அதனினும் குறைவாகவோ சுருங்கும். வேகம் மிகுந்தோறும் இழப்பும் மிகும். ஆகவே தாழ்ந்த மருந்துக்கு ஏறத்தாழ 650 மீட்டரும், இடைத்தர மருந்துக்கு 1,000 மீட்டரும், உயர்ந்த மருந்துக்கு 2,000 மீட்டரை ஒட்டியும் தொலைவு அமையும்.

இம்முடிவில் இரு செய்திகள் அடங்கியுள்ளன. டைரோமின் 1,000 கெசம் இடைத்தர மருந்தால் எளிதில் எட்டத்தக்கது. மரபுரை கூறும் 2 கி.மீ. இயலாதது அன்று, ஆனால் மிகச் சிறந்த மருந்தும், பழுதற்ற குழலும், சரியான சாய்வும் ஒருங்கே வாய்த்தபோது மட்டுமே எட்டத்தக்க மேல்எல்லை அது. வழக்கமான தொலைவாக அதனைக் கூறுவது பொருந்தாது.

இதே அளவுகோலை ரிச்மண்ட் கதைக்குப் பொருத்தினால் அதன் கூர்மை விளங்கும். 160 கி.மீ. தொலைவுக்குக் காற்றில்லா வெளியிலும் நொடிக்கு 1,250 மீட்டர் வேகம் தேவை. உயர்ந்த கருமருந்தைக் கொண்டு அதனை எட்ட, ஏவும் நிறையில் 79 விழுக்காடு மருந்தாகவே இருத்தல் வேண்டும். இரும்பு உறையுடைய கருமருந்து வாணத்துக்கு இது கைகூடாது. காற்றுத் தடையைச் சேர்த்தால் தேவை இன்னும் பெருகும். ஒரே கணக்கு ஒரு மரபுரையைத் தள்ளி, மற்றொன்றுக்கு எல்லை வகுத்துத் தருகிறது. மீளுரு அதன்பின் செய்யவேண்டிய பணி, அவ்வெல்லையைக் குறுக்குவதே.

கிணறு அழித்த சான்று

மேற்கண்ட கணக்கில் தொலைவு, வளிமம் வெளியேறும் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. 500 மீட்டரை 800 ஆக்கினால் காற்றில்லா வெளியின் தொலைவு 2.56 மடங்காகிறது. குழலின் நீளத்திலோ கழியின் எடையிலோ ஏற்படும் சிறு பிழைகள் இதனுடன் ஒப்பிட மிகச் சிறியவை. ஆகவே மீளுருச் சோதனையின் நம்பகத்தன்மை முழுவதும் மருந்தின் தரத்தைச் சார்ந்தது.

நகரவில் கிடைத்த குழல்கள் இவ்விடத்திலேதான் கைவிடுகின்றன. கருமருந்தின் முதன்மைக் கூறாகிய வெடியுப்பு நீரில் எளிதில் கரைவது; 20 பாகை செல்சியசில் 100 மி.லி. நீரில் ஏறத்தாழ 32 கிராம் கரையும். இரு நூற்றாண்டு மழைநீர் புகுந்து வற்றிய கிணற்றில், கரியும் கந்தகமும் எஞ்சினும் வெடியுப்பு எஞ்சும் எனக் கொள்ள இயலாது. எஞ்சிய படிவைப் பகுத்து மூல விகிதத்தை நேரடியாகப் பெறுவது இதனால் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

2018ஆம் ஆண்டுச் செய்திக் குறிப்புகளில் குழல்களுள் பொட்டாசியம் நைட்ரேட்டு, கரி, மக்னீசியத் தூள் ஆகியவை நிரப்பப்பட்டிருந்ததாகக் கூறப்பட்டதையும் இங்குக் கருதவேண்டும். மக்னீசியம் தனி உலோகமாகப் பிரிக்கப்பட்டதே 1808இல்தான். அதனைச் செய்தவர் ஹம்ப்ரி டேவி. 1799க்கு முற்பட்ட வாணத்தில் மக்னீசிய உலோகத் தூள் இருந்திருக்க வாய்ப்பில்லை. மண்ணிலும் நீரிலும் இயல்பாகக் காணப்படும் மக்னீசியச் சேர்மங்களைப் பகுப்பாய்வு சுட்டியிருக்கலாம். இக்குறிப்பை அப்படியே ஏற்று மக்னீசியம் கலந்த மருந்தால் மீளுருவை ஏவினால், அது மிக உயர்ந்த தொலைவைத் தரும். மரபுரை மெய்ப்பிக்கப்பட்டதாகச் செய்தி பரவும். சோதனை நேர்மையாக நடந்தும் முடிவு பிழையாகும் வழி இது.

குழலின் செய்திறனும் இத்தகைய கவனத்துக்குரியது. மைசூர்க் குழல்கள் தகட்டை வளைத்து அடித்து இணைத்தவை. இக்காலத்து இணைப்பற்ற எஃகுக் குழாயில் மீளுரு செய்தால், மூலக் குழல் வெடித்துப் பிளந்திருக்கக்கூடிய அழுத்தத்தையும் அது தாங்கும். உயர் அழுத்தம் வளிமத்தின் வேகத்தைக் கூட்டும்; தொலைவும் கூடும். 1800-01இல் மைசூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன் அங்கு நடைபெற்ற இரும்பு உருக்கு முறைகளை விரிவாகப் பதிவு செய்துள்ளார். அவ்விரும்பின் இயல்பை ஒத்த தகட்டைப் பயன்படுத்துவதே முறையாகும்.

புள்ளலூர்: இயலுமா, நிகழ்ந்ததா

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூர் தமிழக வரலாற்றில் இருமுறை பெயர்பெற்ற ஊர். முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகக் காசக்குடிச் செப்பேடு குறிப்பது இவ்வூரையே. 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் தலைமையில் சென்ற ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படையை ஐதரும் திப்புவும் இங்குச் சூழ்ந்து முறியடித்தனர். காஞ்சிபுரத்தில் இருந்த ஹெக்டர் மன்றோவின் படை உதவிக்கு வந்து சேரவில்லை. போரின் நடுவே பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. அதன்பின் அவருடைய பீரங்கிகள் ஓய்ந்தன. சிறைப்பட்ட பெய்லி 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார்.

வண்டிகள் வெடித்தது ஐயத்துக்கு இடமற்ற நிகழ்ச்சி. வெடிக்கச் செய்தது எது என்பதே வினா. பிற்காலத்து எழுத்துகள் பல வாணத்தைச் சுட்டுகின்றன. பிரெஞ்சு வீரர் இயக்கிய பீரங்கிகளைச் சுட்டும் எழுத்துகளும் உள. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையில் 1784இல் தீட்டப்பட்ட சுவரோவியம் வண்டி வெடிப்பதை நடுவிடத்தில் காட்டுகிறது. அவ்வோவியம் வென்றவரின் ஆணையால் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் டல்ஹௌசி காலத்தில் மீண்டும் தீட்டப்பட்டது. வெடிப்பு நினைவில் பதிந்த விதத்துக்கு அது சான்று. அதன் காரணத்துக்குச் சான்றாகாது.

மீளுருச் சோதனை இங்கு அளக்கக்கூடியது வாணங்களின் சிதறல் பரப்பு. கழியால் நிலைப்படுத்தப்பட்ட வாணம் காற்றாலும் மருந்தின் சீரின்மையாலும் திசைமாறுவது இயல்பு. ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஏவப்பட்ட வாணங்கள் 200 மீட்டர் நீளமும் 200 மீட்டர் அகலமும் உடைய பரப்பில் சமமாகச் சிதறி விழுவதாகவும், அப்பரப்பில் ஐந்து வண்டிகள் ஒவ்வொன்றும் 10 சதுரமீட்டர் இடத்தில் நிற்பதாகவும் கொண்டால், ஒரு வாணம் ஏதேனும் ஒரு வண்டியைத் தாக்கும் வாய்ப்பு 800இல் ஒன்று. 500 வாணங்கள் ஏவப்பட்டால் குறைந்தது ஒன்றேனும் தாக்கும் வாய்ப்பு 46 விழுக்காடு. சிதறல் பரப்பின் ஒவ்வொரு பக்கமும் இரட்டித்து 400 மீட்டரானால் அவ்வாய்ப்பு 14 விழுக்காடாகக் குறைகிறது. தாக்கிய ஒவ்வொன்றும் தீ மூட்டாது என்பதால் இவை மேல்எல்லைகளே.

இக்கணக்கு இரண்டை உணர்த்துகிறது. ஒற்றை வாணம் குறிவைத்து வண்டியைத் தகர்த்தது என்னும் வீரக்கதை நிகழ்தகவுக்கு ஒவ்வாது. நெருக்கமாக நின்ற படையின்மீது நூற்றுக்கணக்கில் ஏவும்போது அத்தகைய தாக்குதல் வியப்புக்குரியதும் அன்று. சிதறல் பரப்பை அளந்து தரும் மீளுருச் சோதனை வாணத்தின் வாய்ப்பைச் செறிவாகக் கூறும். ஆனால் அதே வேளையில் பீரங்கிகளும் முழங்கின. வாணத்தால் இயன்றது என்பது வாணத்தால் நிகழ்ந்தது என்பதற்கு ஈடாகாது.

காலப் பொருத்தமும் கவனத்துக்குரியது. உல்விச், நகர ஆகிய இடங்களின் குழல்கள் திப்புவின் ஆட்சிக் காலத்தவை எனக் கொள்ளப்படுகின்றன. புள்ளலூர்ப் போரோ ஐதரின் காலத்தது. திப்புவின் படைநூலான பத்துல் முசாகிதீன் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் 200 வாணவீரரை வகுக்கும் அளவுக்கு இத்துறை பின்னர் வளர்ந்தது. 1799 ஏப்ரலில் சுல்தான்பேட்டைத் தோப்பில் ஆர்தர் வெல்லெசுலியின் படையை நிலைகுலைத்த வாணத்தின் திறனை 1780ஆம் ஆண்டுக்குப் பின்னோக்கி ஏற்றுவது முறையன்று.

மீளுருவாக்கத்துக்குரிய நெறி

மேற்கண்டவற்றிலிருந்து, இத்தகைய சோதனை ஆய்வுத்தகுதி பெறுவதற்குரிய நெறிகள் சில பெறப்படுகின்றன.

முதலாவது, சோதனைக்குரிய கூற்று முன்கூட்டியே எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். தொலைவா, சிதறலா, தீமூட்டும் திறனா என்பது தெளிவாகாத சோதனை, கிடைத்ததை வெற்றியாகக் காட்டும்.

இரண்டாவது, மூலக்குழல்கள் அளக்கப்பட வேண்டும், அறுக்கப்படக் கூடாது. சுவர்த் தடிப்பு, இணைப்பு முறை, வெளியேறு துளையின் விட்டம் ஆகியவற்றை ஊடுகதிர்ப் படத்தால் பெற இயலும். ஓரிரு குழல்களைவிட நூற்றுக்கணக்கானவற்றின் அளவுப் பரவலே சிதறலைக் கணிக்க உதவும் என்பதால், நகரத் தொகுப்பு ஈடற்றது.

மூன்றாவது, ஒரே மருந்தால் சோதிக்காமல், தாழ்ந்தது, இடைத்தரமானது, உயர்ந்தது என மூன்று தரங்களில் சோதித்து, முடிவைத் தனி எண்ணாகக் கூறாது கீழ், மேல் எல்லைகளுடன் கூறவேண்டும். வாணத்தை நிலையாகப் பொருத்தி உந்துவிசையை அளக்கும் சோதனை, ஏவுதலுக்கு முன் நடைபெறுதல் இன்றியமையாதது.

நான்காவது, தோல்விகளும் பதிவாக வேண்டும். வெடித்துச் சிதறிய குழல்களின் எண்ணிக்கை, பறந்தவற்றின் தொலைவுக்கு இணையான வரலாற்றுச் செய்தியாகும். படைக்களத்தில் வாணவீரர் எதிர்கொண்ட இடரை அதுவே உரைக்கும்.

ஐந்தாவது, இது தனியார் எவரும் மேற்கொள்ளத்தக்க முயற்சியன்று. 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் உரிமமின்றி வெடிமருந்து செய்வதைத் தடுக்கின்றன. மதுரையிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள சிவகாசி வட்டாரத்தில், கழிகட்டிய வாணத்தின் நடத்தையைக் கைப்பழக்கத்தால் அறிந்த தொழிலாளர் உள்ளனர். வரலாற்றுத் துறை, பொறியியல் துறை, உரிமம் பெற்ற தொழிற்கூடம் ஆகிய மூன்றும் இணைந்தால் தமிழகத்திலேயே இச்சோதனையை முறையாக நடத்த இயலும். கைவினைஞரின் அறிவைச் சான்றாகப் பதிவு செய்வதும் அவ்வாய்வின் பகுதியாதல் வேண்டும்.

முடிவுரை

மைசூர் வாணங்களின் தொலைவு பற்றிய மரபுரை அடிப்படையற்றது அன்று. டைரோமின் பதிவும், எஞ்சிய குழல்களின் அளவும், இயக்கவியல் கணக்கும் ஏறத்தாழ 1 கி.மீ. என்னும் வழக்கமான தொலைவில் ஒன்றுபடுகின்றன. 2 கி.மீ. என்பது மேல்எல்லை. இலண்டனின் சிறந்த வாணங்கள் 549 மீட்டரே சென்ற காலத்தில் 914 மீட்டரைக் கடந்த கருவி, மிகைக்கூற்றின் துணையின்றியே மதிக்கத்தக்க சாதனையாகும்.

தொலைவைப் பெரிதும் தீர்மானிக்கும் மருந்தின் தரம் கிணற்று நீரில் கரைந்துபோயிற்று. ஆகவே மீளுரு எவ்வளவு தொலைவு பறந்தாலும் அது தான் ஏந்திய மருந்தைப் பற்றியே முதலில் பேசும். மூல வாணத்தைப் பற்றி அது பேசுவது எல்லைகளின் வழியாகவே. புள்ளலூரில் வண்டிகளை வெடிக்கச் செய்தது எது என்னும் வினாவுக்கு விடை ஏவுதளத்தில் கிடைப்பதன்று. சமகாலக் கடிதங்களையும் படைப்பதிவுகளையும் பாரசீக, பிரெஞ்சு மொழி ஆவணங்களையும் ஒப்பிட்டு வாசிப்பதிலேயே அதற்கான வழி உள்ளது. சோதனையும் ஆவண வாசிப்பும் தத்தம் எல்லையை உணர்ந்து இணையும்போது, தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வந்த பெருமிதம் சான்றின்மேல் நிலைபெறும்.